அமைதியான இடத்தைத் தேடித் தருமா கம்ப்யூட்டர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே தேடிப் பார்க்கும் விஷயங்களில் சுற்றுலா இடமும் ஒன்று. அதிலும் கூட்டமில்லாத, சத்தமில்லாத இடம் வேண்டும் என்றுதான் பலரும் தேடுகிறோம். நீங்களும் செய்து பாருங்கள். கூகுள் தேடல் கட்டத்தில் "தேனி அருகில் அமைதியான இடம்" என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். மேகமலை, குரங்கணி, டாப் ஸ்டேஷன், சுருளி அருவி, கும்பக்கரை, வைகை அணை என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரங்கள், போட்டோக்கள், "சொர்க்கம்", "மிஸ் பண்ணிடாதீங்க" என்ற பாராட்டுகள்.

இந்தப் பட்டியலை நம்பி ஞாயிற்றுக்கிழமை சுருளி அருவிக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று எங்கள் பகுதிக்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை. வேன்கள் நிற்கும் இடத்தில் இறங்கும்போதே தெரிந்துவிடும்.

இதில் கூகுளின் தவறு எதுவும் இல்லை. 1998-ல் லாரி பேஜ், செர்கெய் பிரின் இருவரும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படை மிக எளிமையானது. ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்பு தருகின்றன, அந்தப் பக்கங்கள் எவ்வளவு முக்கியமானவை என்று கணக்கிட்டு, அதிக மதிப்பு பெற்றதை மேலே காட்டுவது. இன்று அதனுடன் இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் பலர் பேசுவது மேலே வரும், யாரும் பேசாதது கீழே போகும் என்ற போக்கு மாறவில்லை. நல்ல பிரிண்டர் வாங்க வேண்டும் என்றால் இந்த முறை சரி. பலர் வாங்கிப் பாராட்டிய பிரிண்டர் நமக்கும் உழைக்கும். அமைதியான இடம் என்றால் இது தலைகீழாகிவிடுகிறது. பலர் போய்ப் பாராட்டியிருந்தாலே அது அமைதியான இடம் இல்லை!

எனவே என் கருத்து இதுதான். அமைதியான இடத்தை யாரோ எழுதிய பட்டியலில் தேடக் கூடாது. மேப்பை விரித்துவைத்துச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கழித்துத் தேட வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த இடத்தை நாமே ஒரு பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கூடாது. முதல் பாதியைக் கேட்டு மகிழ்பவர்கள் இரண்டாம் பாதிக்கு முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். காரணத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கார்டன் ஹெம்ப்டன் என்று ஒருவர் இருக்கிறார். இயற்கை ஒலிகளைப் பதிவு செய்வது அவர் தொழில். வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தேசியப் பூங்கா என்ற இடத்தில் ஹோ மழைக்காடு உள்ளது. குளிர்ப் பிரதேச மழைக்காடு. மரமெல்லாம் பாசி தொங்கும். 2005 ஏப்ரல் 22-ம் தேதி, பூமி தினத்தன்று, ஹெம்ப்டன் அந்தக் காட்டுக்குள் நடந்துபோய் ஒரு மரக்கட்டையின் மேல் சிறிய சிவப்புக் கல் ஒன்றை வைத்தார். அந்த ஒரு சதுர அங்குலத்துக்கு "ஒரு சதுர அங்குல அமைதி" என்று பெயர். இவ்வளவு சின்ன இடத்தை வைத்து என்ன செய்வது என்று தோன்றும். அவர் கணக்கு வேறு. அந்த ஒரு அங்குலத்தில் மனிதர்கள் உண்டாக்கும் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது என்றால், அதைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு எந்த இன்ஜினும் ஓடக் கூடாது. அங்குலத்தைக் காப்பாற்றினால் காடே காப்பாற்றப்படும்.

அமைதி என்பதற்கு அவர் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள். ஒலியே இல்லாத நிலை அல்ல. மழை பெய்யலாம், தவளை கத்தலாம், மரம் முறிந்து விழலாம். மனிதன் உண்டாக்கும் இரைச்சல் மட்டும் கூடாது. பகல் நேரத்தில் பதினைந்து நிமிடம் தொடர்ந்து அப்படி இருந்தால் அது அமைதியான இடம். படிக்கும்போது எளிதாகத் தெரியும். இன்று மாலை உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று வாட்ச்சைப் பார்த்து எண்ணிப் பாருங்கள்.

ஹோ காட்டைப் போன்றது நம் பக்கம் உண்டா? உண்டு. சாம்பியன், சேத் என்ற இருவர் இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-ல் வெளியிட்ட அட்டவணையை வனத்துறையினர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் தென்னிந்திய உயர்மலைச் சோலைக்காடுகளுக்கு என்றே ஒரு வகை இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் "தென்பகுதி மலை ஈர மிதவெப்பக் காடு". நாம் சோலை என்கிறோம், அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும் வயலும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் இந்தத் தரையிலிருந்து கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் மேகமலை. மேற்கே ஏலமலை. மேலே சுமார் 1500 மீட்டரில் தேயிலை எஸ்டேட்கள், அவற்றை ஒட்டிச் சோலைகள். விடியற்காலையில் கருமந்தி "ஹூ, ஹூ" என்று கூப்பிடும் குரல் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கும். பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் ரயில் இன்ஜின் நீராவி விடுவது போல இறக்கைச் சத்தமே கேட்கும். அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டபோது பறவை என்றே நினைக்கவில்லை.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். இதற்கு நமக்குத் தேவையான புரோகிராம் கூகுள் எர்த் ப்ரோ. 2015 முதல் இது இலவசம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பிரவுசரில் திறக்கும் கூகுள் எர்த் வேறு, இது வேறு. நான் சொல்லப்போகும் வசதிகள் கம்ப்யூட்டரில் பதியும் இந்த ப்ரோ பதிப்புக்கானவை.

முதலில் சத்தம் எப்படிக் குறைகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரே இடத்தில் ஓடும் மோட்டார் பம்ப்செட் போன்ற சத்தம், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். இடைவிடாமல் வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலை ஒரு நீளமான கோடு என்பதால், தூரம் இரண்டு மடங்கானாலும் சுமார் 3 டெசிபல்தான் குறையும். அதாவது சாலையிலிருந்து தள்ளிப் போய்த் தப்பிப்பது கடினம். திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் நடுவிலேயே ஓடுகிறது. அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தோப்புக்குள் உட்கார்ந்தாலும் இரவில் லாரி ஏர்ஹாரன் வந்து சேரும். தூரத்தைவிட நமக்கு உதவுவது குறுக்கே நிற்கும் மலை முகடு.

பாறை சத்தத்தை மறைப்பது பற்றி ஒரு செய்தி. போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க இடம் பார்த்த விஞ்ஞானிகளும் ஒரு வகையில் அமைதியைத்தான் தேடினார்கள். வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள் அவர்களுக்கு இரைச்சல். அதை வடிகட்ட எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும் என்று மலையைக் குடைய நினைத்தார்கள். 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தும், எதிர்ப்பு காரணமாக ஆய்வகம் எழவில்லை. மலையைக் குடைய எத்தனை லாரி ஓட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

நமக்கு அவ்வளவு பாறை தேவையில்லை. ஒரு முகடு போதும். கூகுள் எர்த் ப்ரோவில் சாலையின் மேல் ஓர் இடத்தில் பிளேஸ்மார்க் வையுங்கள். இடது பக்கப் பட்டியலில் அதன் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் "ஷோ வியூஷெட்" என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் புள்ளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் நிலம் மட்டும் பச்சை நிறத்தில் காட்டப்படும். பிளேஸ்மார்க்கைத் தரையிலிருந்து சில மீட்டர் உயர்த்தி வைப்பது நல்லது. இந்த வசதியை உருவாக்கியவர்கள் நல்ல காட்சி தெரியும் இடத்தைக் காட்டுவதற்காக வைத்தார்கள். நாம் அதைத் திருப்பிப் பிடிக்கிறோம். சாலையிலிருந்து தெரியாத இடம் எதுவோ, அங்கே சாலைச் சத்தமும் பெருமளவு குறையும். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன். தாழ்ந்த குரலில் உறுமும் லாரி இன்ஜின் முகட்டைச் சுற்றி வளைந்தும் வரும். ஆனால் பைக்கும் ஹாரனும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நின்றுவிடும்.

அடுத்து, நடந்து போக நினைக்கும் வழியை "பாத்" வசதியால் கோடாக வரைந்து, ரைட் கிளிக் செய்து "ஷோ எலிவேஷன் புரொபைல்" கொடுத்தால், ஏற்ற இறக்கம் ஒரு கிராப்பாக வரும். எங்கே மலை முகட்டைக் கடந்து மறுபக்கம் இறங்குகிறோம் என்று இதில் துல்லியமாகத் தெரியும்.

வண்டிச் சத்தம் முடிந்தது. மற்றவற்றை மேப்பில் கண்ணால் தேட வேண்டும். காற்றாலைகள் வெள்ளைக் குச்சியும் நிழலுமாகத் தெரியும். கம்பம் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இவை ஓயாது. லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கூகுள் எர்த்தில் எளிதில் பார்க்கலாம். அருவிகளையும் நான் கழித்துவிடுவேன். இதை எல்லோரும் ஏற்க மாட்டார்கள். அருவிச் சத்தம் இயற்கைதான். ஆனால் மற்ற எல்லாக் குரல்களையும் அது மூடிவிடும், அருவி இருந்தால் ஆட்களும் இருப்பார்கள்.

மேப்பில் தெரியாத ஒரு சத்தம் இருக்கிறது. அது காலண்டரில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை வண்டிகளால் குமுளி மலைச்சாலை நிரம்பி, கம்பம்மெட்டு வழியாகவும் வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். மற்ற மாதங்களில் ஓரளவு அடங்கிக் கிடக்கும் அந்தச் சாலையை அப்போது நம்பக் கூடாது. ஆடி, தை அமாவாசை நாட்களில் சுருளிக்குத் தர்ப்பணம் கொடுக்க வருபவர்கள் கூட்டம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. மார்கழி விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் தரையில் படுத்திருக்கும். மேலே காற்று சற்று வெப்பமாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளையும். அதனால்தான் நான்கு ஊர் தள்ளியிருக்கும் கோயில் மைக் அந்த நேரத்தில் மட்டும் பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலம் என்கின்றன. பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்று வரம்பும் உண்டு. நடைமுறையில் எப்படி என்று நான் எழுத வேண்டாம்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் மாறும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். கூடலூருக்கு மேலே கேரள எல்லையில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை அனுமதிக்கிறார்கள். அன்று குமுளியிலிருந்து ஜீப்புகள் வரிசையாக ஏறும். பளியன்குடி வழியாக ஆயிரக்கணக்கானோர் நடந்து ஏறுவார்கள். மற்ற நாட்களில் அங்கே யாருக்கும் அனுமதியில்லை. அந்த மலை அமைதியாக இருப்பதற்கு அதன் உயரமோ தூரமோ காரணம் அல்ல. கேட் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் உண்மையிலேயே அமைதியானதா என்று சோதிக்கவும் கம்ப்யூட்டர் உதவும். மொபைலில் உள்ள டெசிபல் மீட்டர்களை இதற்கு நம்ப வேண்டாம். மிகக் குறைந்த ஒலியில் மைக்கின் சொந்த இரைச்சலையே அவை அளந்து காட்டும். அதற்குப் பதிலாகப் பதினைந்து நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். முடிந்தால் வேவ் பைலாகச் சேமியுங்கள். வீட்டுக்கு வந்து யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் திறங்கள். ட்ராக்கின் பெயருக்கு அருகில் உள்ள மெனுவில் "ஸ்பெக்ட்ரோகிராம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான அலைக்கோடு மறைந்து ஒரு வண்ணப் படம் வரும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் ஒலியின் அதிர்வெண். பறவைக் குரல்கள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லிய கோடுகளாகவும் வளைவுகளாகவும் தெரியும். சில்வண்டு ஒரு பட்டையாக நிற்கும். தூரத்து லாரி, ஜெனரேட்டர், விமானம் எல்லாம் கீழே 300 ஹெர்ட்ஸுக்குள் புகை போலப் படியும். காதில் விழாதது போல இருந்த சத்தம்கூடக் கண்ணில் படும். ஒரு எச்சரிக்கை: காற்று மைக்கில் அடித்தாலும் கீழே இதே போல அழுக்காகத் தெரியும். மைக்கின் மேல் கைக்குட்டையைச் சுற்றிவிடுங்கள்.

தேயிலைக் காடுகள் நடுவே பஸ் போகும் சாலையிலிருந்து ஒரு முகடு தள்ளி நான் எடுத்த பதிவு ஒன்று இருக்கிறது. சீகாரப் பூங்குருவி சீட்டியடிப்பது ஆறாவது நிமிடத்திலிருந்து ஒன்பதாவது நிமிடம் வரை கோடு கோடாக விழுந்திருக்கிறது. கீழே சுத்தமான கறுப்பு. எந்த ஊர், எந்த வளைவு என்று எழுத மாட்டேன்.

இதைச் சுயநலம் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். நல்ல விஷயத்தைப் பகிர்ந்துகொள்ளத்தானே இன்டர்நெட் என்கிறார்கள். மேலே ஜீப் ஓட்டுபவர்கள், அறை வாடகைக்கு விடுபவர்கள் பிழைப்பும் இதில் இருக்கிறது என்கிறார்கள். இரண்டாவது வாதம் வலுவானது. எஸ்டேட் தொழிலாளர்கள் அங்கேயே வாழ்பவர்கள். அவர்களுக்கு நல்ல ரோடும் பஸ்ஸும் மொபைல் டவரும் வேண்டும். நம்முடைய அமைதிக்காக அவர்கள் இருட்டில் நடக்க வேண்டியதில்லை. நான் சொல்வது அந்த ரோட்டைப் பற்றி அல்ல. சின்னமனூரிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் மேகமலைச் சாலை எல்லோருக்கும் தெரிந்த சாலை. வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது, இருட்டிய பின் அனுமதி இல்லை. அதை யாரும் யாருக்கும் தாராளமாகச் சொல்லலாம். என் கவலை, செக்போஸ்ட் இல்லாத, பெயர்ப்பலகை இல்லாத, யாரும் எண்ணிக்கை வைத்துக்கொள்ளாத இடங்களைப் பற்றியது.

2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் என்ன நடந்தது என்று நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்வெளியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் இளைஞர்கள், வார இறுதியில் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அந்த மலையில் யார் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த வழியாக இறங்குகிறார்கள் என்பதே அன்று மாலை பெரிய கேள்வியாக இருந்தது. அமைதியான இடம் என்றால் ஆளில்லாத இடம். ஆளில்லாத இடத்தில் டவர் இருக்காது, கூப்பிட்டால் வர யாரும் இருக்க மாட்டார்கள். யானை இருக்கும். ஒரு போட்டோவையும் ஒரு லொகேஷனையும் போட்டுவிட்டு "சூப்பர் ஸ்பாட்" என்று எழுதுபவர், அதைப் பார்த்துக் கிளம்பிப் போகும் முன்பின் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. எந்த மாதத்தில் புல் காயும் என்றும் சொல்வதில்லை.

இன்னொன்று, சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1016 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேப்பில் பச்சையாக, அமைதியாகத் தெரியும் இடங்களில் பல இதற்குள் இருப்பவை. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். கூகுள் எர்த்தில் இந்த எல்லைக்கோடு தானாக வராது என்பதால், "இந்த மேப்பில் வழி தெரிகிறதே" என்று கிளம்பிவிடக் கூடாது.

காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு இப்போது முறையான வழி உண்டு. தமிழக அரசு 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள். குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்து பணம் கட்டினால், உள்ளூர்க்காரரான வழிகாட்டி கூட வருவார். 2025-ல் தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவைத்தார்கள். கோடையில் போக நினைப்பவர்கள் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் அதிகம் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. யார் உள்ளே போயிருக்கிறார்கள் என்று ஒருவரிடம் கணக்கு இருக்கிறது.

ஹெம்ப்டனும் இப்படித்தான் செய்தார். ஹோ காட்டின் அங்குலத்தை உலகுக்கே அறிவித்தார். அது தேசியப் பூங்கா, காவலர்கள் உண்டு, அறிவித்தால்தான் விமானங்களைத் திருப்பச் சொல்லிக் கேட்க முடியும். ஆனால் அமெரிக்காவில் தான் கண்டறிந்த மற்ற அமைதியான இடங்களில் பெரும்பாலானவற்றின் பெயரை அவர் வெளியில் சொல்லவில்லை. காவல் இருக்கும் இடத்தைச் சொல்லலாம், காவல் இல்லாததைச் சொல்ல வேண்டாம் என்பதே என் கணக்கும்.

நாம் வாய் திறக்காவிட்டாலும் நம் போட்டோ பேசிவிடும். அதை நிறுத்தும் வழி இது. மொபைல் கேமராவின் செட்டிங்ஸில் லொகேஷன் டேக் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு, விண்டோஸில் அந்தப் பைல் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்து, டீடெய்ல்ஸ் டேபுக்குப் போங்கள். ஜி.பி.எஸ். என்ற தலைப்பின் கீழ் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால், படம் எடுத்த இடம் சில மீட்டர் துல்லியத்தில் அதில் பதிந்திருக்கிறது என்று பொருள். அதே விண்டோவின் அடியில் "ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்" என்ற வரியைக் கிளிக் செய்தால், இந்த விவரங்கள் இல்லாத ஒரு பிரதியை உருவாக்கித் தரும். அந்தப் பிரதியை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் போகாது. டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்விடும்.